காணி பிடிக்கிற விளையாட்டு

பிரான்ஸ் நாட்டுக் கோட்டை நகரம் ஒன்றின் பெயரில் ஜெர்மனியில் பிறந்த பலகை விளையாட்டு, விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிகளோடு யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது. வேலிச் சண்டையில் பழுத்த ஊர் அதை எப்படி ஆடுகிறது?

வேலணையில் ஒரு வீட்டு விறாந்தை. ஓகஸ்ட் விடுமுறை, மத்தியான வெயில். சீமெந்துத் தரையில் விரித்த பாயின் நடுவே பச்சைப் புல்வெளியும் செம்மண் மதிலும் வெள்ளைத் தெருவுமாக ஒரு ஊர் வளர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு சுளகு. அதற்குள் சதுர மட்டைத் துண்டுகள் கவிழ்த்துக் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் சுளகிலிருந்து ஒரு துண்டை எடுக்கிறார். விரல் நுனியில் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார். எல்லோரும் முண்டியடிக்கும் பெரிய கோட்டையை விட்டு, ஒருவரும் கவனிக்காத மூலையில் அதை வைக்கிறார். கறுப்பு மரப் பொம்மை ஒன்றை அதன் புல்லில் மல்லாத்திப் படுக்க வைக்கிறார். ரொறன்ரோவிலிருந்து வந்த பேரன் கோட்டைக்கு மதில் கட்டுவதிலேயே குறியாக இருக்கிறான்.

கொஞ்ச நேரத்தில் உயர்தரம் படிக்கும் பேத்தியிடமிருந்து கூச்சல் எழும்புகிறது.

"அம்மப்பா, நீங்கள் என்ர வயலுக்குள்ள வாறியள்!"

"நான் எங்கை பிள்ளை வந்தனான்? என்ர காணியில நான் பாட்டுக்குப் படுத்திருந்தனான். உன்ர காணிதான் வந்து முட்டினது."

குசினிக்குள் இருந்து அம்மம்மாவின் குரல்: "கதியால் அரக்கின பழக்கம் இன்னும் போகேல்லைப் போல."

இந்த விளையாட்டின் பெயர் கார்க்கசோன். அது எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், அம்மம்மா சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நான் விளக்கமாகக் கொடுப்பேன். வருசா வருசம் வேலி அடைக்கும்போது பூவரசங் கதியாலை ஒரு சாண் அடுத்த வளவுக்குள் தள்ளி நட்டு, பத்து வருசத்தில் அரைப் பரப்பைக் கையகப்படுத்தும் கலை யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

72 துண்டு, ஏழு ஆள்

2000ஆம் ஆண்டில் கார்க்கசோனை வெளியிட்டது ஹான்ஸ் இம் குளுக் என்ற ஜெர்மன் நிறுவனம். ஆக்கியவர் கிளாவுஸ் யூர்கன் வ்ரேடே. அடுத்த வருசமே ஜெர்மனியின் 'ஆண்டின் விளையாட்டு' விருது அதற்குக் கிடைத்தது. தென் பிரான்சில் இரட்டை மதில் சூழ நிற்கும் பழைய கோட்டை நகரம்தான் கார்க்கசோன். 1997இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. பெட்டியைத் திறந்தால் பலகை இருக்காது. துண்டு துண்டாக வைத்து வைத்து, ஆடுகிறவர்களே பலகையை உண்டாக்க வேண்டும். அதனால் ஒரு நாள் உருவாகும் ஊர் இன்னொரு நாள் உருவாகாது.

——— பெட்டிச் செய்தி: ஆடும் முறை ———
மொத்தம் 72 துண்டுகள். முறை வந்ததும் ஒன்றை எடுத்து, ஏற்கெனவே இருப்பவற்றோடு ஒட்டி வைக்க வேண்டும். தெருவோடு தெரு, மதிலோடு மதில், வயலோடு வயல் பொருந்த வேண்டும்.
வைத்த துண்டில் விரும்பினால் ஓர் ஆளை இறக்கலாம். கையில் இருப்பது ஏழு பேர்தான். தெருவில் இறங்கினால் வழிப்பறிக்காரன், கோட்டையில் என்றால் வீரன், மடத்தில் துறவி, புல்லில் படுத்தால் கமக்காரன்.
ஏற்கெனவே ஆள் நிற்கும் கோட்டையிலோ தெருவிலோ வயலிலோ நேரே இறங்க முடியாது. தனியாக ஒன்றைத் தொடங்கி, பிறகு ஒரு துண்டால் இரண்டையும் இணைத்தால் உள்ளே வரலாம். கூடிய ஆள் வைத்திருப்பவருக்கே புள்ளி. சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி.
முடிந்த தெருவுக்குத் துண்டுக்கு 1 புள்ளி, முடிந்த கோட்டைக்குத் துண்டுக்கு 2, சுற்றிவர எட்டுத் துண்டும் அமைந்த மடத்துக்கு 9. முடிந்ததும் ஆள் கைக்குத் திரும்பிவிடும். கமக்காரன் மட்டும் ஆட்டம் முடியும்வரை எழும்ப மாட்டான். கடைசியில் அவன் வயலைத் தொடும் முடிந்த கோட்டை ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி.
———————————————

புலி இல்லாத நாயும் புலியும்

காய் வைத்து இடம் பிடிப்பது எங்களுக்குப் புதிதல்ல. கோயில் மண்டபக் கல்லிலும் மடத்துத் திண்ணையிலும் கரியால் கோடு கிழித்து ஆடிய நாயும் புலியும் அதே தர்க்கம்தான். தமிழ்நாட்டில் ஆடுபுலி ஆட்டம் என்பார்கள். அங்கே மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். பதினைந்து ஆட்டையும் ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை ஓர் ஆட்டையும் நகர்த்த முடியாது. எங்கே வைப்பது என்பதிலேயே பாதி ஆட்டம் தீர்ந்துவிடும். இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட தன் பழைய இலங்கை பற்றிய நூலில் இப்படியான ஆட்டங்களைக் கட்டம் வரைந்து பதிந்திருக்கிறார். ஆளுக்குப் பன்னிரண்டு காய் வைத்து மூன்றை நேராக்கும் நெரெஞ்சியும் அவற்றில் ஒன்று. அதன் கட்டங்கள் மிகிந்தலைப் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. நிலம் வளைக்கும் ஆட்டங்களின் தாத்தா சீனத்து 'கோ'. 2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரியாவின் லீ செடோலை 4-1 என்று வென்றபோது உலகமே அதைப் பற்றிப் பேசியது.

ஆனால் கார்க்கசோனில் வெட்டு இல்லை. ஒருவரின் காயை மற்றவர் தூக்க முடியாது. வைத்த துண்டை எடுக்கவும் முடியாது. புலியையும் ஆட்டையும் நீக்கிவிட்டு வெறும் எல்லைச் சண்டையை மட்டும் மிச்சம் வைத்த ஆட்டம் இது.

ஆளுக்கொரு ஆட்டம்

விறாந்தையில் ஆடியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். ரொறன்ரோப் பேரன் விளையாட்டோடு பிறந்தவன் போல விதிகளை ஒப்புவிக்கிறான். ஆனால் தொடங்கிய கோட்டையை முடிக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. கோட்டை பெருக்கிறது, தேவையான மூலைத் துண்டு சுளகிலிருந்து வர மறுக்கிறது, நாலு வீரர்கள் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கிறார்கள். முடியாத கோட்டைக்குக் கடைசியில் துண்டுக்கு ஒரு புள்ளிதான். அதிர்ஷ்டம் இல்லை என்று அவன் சுளகைக் குற்றம் சொல்கிறான். முதல் முறை ஆடுபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடக்கிறது. அதற்குச் சுளகு பொறுப்பில்லை. ஏழு ஆளில் நாலு பேரை ஓரிடத்தில் அடைத்தவருக்கு வேறிடங்களில் இறக்க மூன்று பேர்தான் மிச்சம்.

பேத்தி கணக்குக்காரி. எந்தத் துண்டு பெட்டிக்குள் எத்தனை உண்டு, எத்தனை ஏற்கெனவே விழுந்துவிட்டது என்று மனதுக்குள் எண்ணுகிறாள். தம்பியின் கோட்டைக்கு வேண்டிய துண்டு இனி வராது என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவளுக்கு இது நிகழ்தகவுப் பயிற்சி. அவளுடைய முறைப்பாடு ஒன்றுதான். எடுத்த துண்டை உடனே வைக்க வேண்டியிருக்கிறது. கையில் மூன்று துண்டு வைத்துத் தெரிந்தெடுக்க விட்டால் திறமை கூடும் என்கிறாள். அப்படி விட்டால் அம்மப்பா எங்களையெல்லாம் விழுங்கிவிடுவார் என்பது என் அபிப்பிராயம். சுளகு கொஞ்சம் குருட்டுத்தனமாக இருப்பதால்தான் நாலாம் வகுப்புப் பிள்ளையும் நில அளவையாளரோடு உட்கார முடிகிறது.

அம்மம்மா புள்ளியைக் கவனிப்பதே இல்லை. இரண்டு தரம் வந்து உட்கார்ந்து, அழகாகப் பொருந்துகிற இடத்தில் துண்டை வைத்துவிட்டு எழும்பிப் போனார். ஒருதரம் அவர் வைத்த துண்டு பேரனின் இன்னொரு கோட்டையைச் சும்மா மூடிக்கொடுத்தது. "உங்களுக்கு என்ன லாபம், அம்மம்மா?" என்று பேத்தி கோபித்தாள். ஓட்டை கிடந்தது, அடைத்தேன் என்றார் அவர்.

ஊர்காவற்றுறையிலிருந்து வந்திருந்த கடற்றொழில் செய்யும் இளைஞர், ஆட்டம் பாதி போன பிறகு கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. இதில் கடல் எங்கே? துண்டு எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தார். புல், தெரு, மதில், மடம். ஆற்றை மட்டும் பிறகு ஒரு சின்ன இணைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். சுற்றிவரத் தண்ணீர் இல்லாத ஒரு ஊரில் எல்லை என்றால் என்ன என்று அவருக்கு விளங்கவில்லை. தீவகத்தில் இன்றைய பெரிய எல்லைத் தகராறு தரையில் இல்லை. கரையோரக் கடலில் கம்பும் வலையும் கட்டிக் கடலட்டைப் பண்ணை வைத்தவர்களுக்கும், அதே இடத்தில் தலைமுறையாகக் களங்கண்டி வலை கட்டியவர்களுக்கும் இடையில்தான் அது நடக்கிறது. பிறகு வெளிக்கடலில் இந்திய இழுவைப் படகுகள். கடலில் கதியால் போட முடிந்த காலத்தில், வெறும் புல்லை அளந்து என்ன செய்வது என்பது அவருடைய வாதம்.

படுத்துக் கிடக்கும் கமக்காரன்

நில அளவையாளர் எப்படி வெல்கிறார்? கோட்டையில் அவர் பெரிதாக எடுப்பதில்லை. தொடக்கத்திலேயே ஒன்றிரண்டு ஆளை வயலில் படுக்க வைத்துவிடுவார். அவர்கள் ஆட்டம் முடியும்வரை கைக்கு வரமாட்டார்கள். ஐந்தாறு பேரோடுதான் மிச்ச ஆட்டத்தை ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நட்டம் போலத் தெரியும். மற்றவர்கள் தங்கள் கோட்டையைக் கட்டி முடிக்க முடிக்க, அவருடைய வயலின் பெறுமதி கூடிக்கொண்டே போகும். கடைசி எண்ணிக்கையில் ஒரே வீச்சில் பதினைந்து, பதினெட்டுப் புள்ளி வந்து விழும். கோட்டை கட்டியவருக்குக் கிடைத்ததைவிட, அந்தக் கோட்டைக்குப் பக்கத்தில் படுத்திருந்தவருக்குக் கூட.

வயல் விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். குழந்தைகளோடு ஆடும்போது அதை விட்டுவிடலாம் என்று சொல்வார்கள். விட்டால் மிஞ்சுவது படப் புதிர்.

தீவகத்தில் அந்த விதி வேறொன்றையும் கிளறுகிறது. 1990களின் தொடக்கத்தில் படை நடவடிக்கைகளோடு வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு, ஊர்காவற்றுறையிலிருந்து சனம் கூட்டமாக வெளியேறியது. கொஞ்சப் பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் வன்னி, கொழும்பு, பாரிஸ், சூரிச், ரொறன்ரோ என்று போய்விட்டார்கள். புங்குடுதீவில் ஒழுங்கைக்கு ஒழுங்கை கூரையில்லாத நாற்சார் வீடுகள் நிற்கின்றன. விறாந்தைத் தூணுக்குள் ஆலமரம் வேர் இறக்கியிருக்கிறது. காணி உறுதி மட்டும் எங்கேயோ ஒரு வெளிநாட்டு அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. கார்க்கசோனில் எழும்பாமல் படுத்திருப்பவனுக்குக் காணி. இங்கே எழும்பிப் போனவனின் காணி யாருக்கு?

இலங்கைச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் வெட்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் காணியை அவருக்கு எதிரான உரிமையோடு பத்து வருசம் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கு அநியாயம் என்பதால், 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைப் பத்து வருசத்துக்குள் எண்ணாமல் விடுவது அதன் நோக்கம். ஆனால் 2009 போய்ப் பத்து வருசமும் போய்விட்டது. திரும்பி வராதவருடைய காணியில் இப்போது இருப்பவருக்குப் போருக்குப் பிந்திய பத்து வருசமே போதும்.

——— பெட்டிச் செய்தி: கூட்டுக் காணியும் தேசவழமையும் ———
யாழ்ப்பாணத்தின் தேசவழமையை 1706–07இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுத்தவர் யாழ்ப்பாணத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ்.
காணியை விற்க விரும்புகிறவர் உரிமைக்காரருக்கும் பங்காளிக்கும் முதலில் கேட்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் காணியை ஈட்டுக்கு வைத்திருந்த அயல் காணிக்காரருக்கும் அன்று அந்த உரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதைத் தனியாக வரையறுத்தது.
பங்காளிகளில் ஒருவர் காணியில் இருந்தால், அவர் எல்லோருக்காகவும் இருக்கிறார் என்றே கொள்ளப்படும். வெறுமனே இருந்ததைக் காட்டி மற்றவர்களின் பங்கை எடுத்துவிட முடியாது என்று 1911இல் கொரேயா எதிர் அப்புஹாமி வழக்கில் கோமறைக் கழகம் தீர்த்தது.
16 பரப்பு ஓர் ஏக்கர். தீவகத்தில் ஒரு பரப்புக்குப் பத்துப் பங்காளிகள் இருப்பதும் உண்டு.
———————————————

நில அளவையாளருக்கு இதெல்லாம் தொழில் அனுபவம். கார்க்கசோனில் பங்காளிகள் சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி கிடைக்கிறது என்று கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அப்படி ஒரு விதி மட்டும் உண்மையில் இருந்திருந்தால், யாழ்ப்பாண நீதிமன்றத்தில் பிரிவினை வழக்கு ஒன்றுகூட இருந்திராது என்றார்.

2025 மார்ச் 28 வர்த்தமானி எழும்பிப் போனவர்களின் காணி நிலைமையின் கூர்மையைக் காட்டியது. வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரித்தைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவை அரச காணியாகத் தீர்க்கப்படும் என்றது அது. அதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தில். இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர், தகப்பன் பெயரில் கிடந்த காணியைத் தன் பேருக்கு மாற்றாதவர், சுவிஸில் வேலைக்கு விடுப்பு எடுக்க முடியாதவர், இவர்களுக்கெல்லாம் மூன்று மாதம் என்பது ஒன்றுமில்லை. ஜூன் மாதக் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு அரசாங்கமும் அந்த வர்த்தமானியை மீளப் பெற்றது. ஆனாலும் அந்த மூன்று மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த தொலைபேசி அழைப்புகளை ஊரில் இருக்கும் ஒவ்வொரு சித்தப்பாவும் மாமியும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பாய்க்கு வெளியே இருக்கிற கைகள்

தீவுகளைத் துண்டாகப் பார்த்தவர்கள் முன்னரும் இருந்தார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தங்கள் ஊர்ப் பெயர்களைத் தீவுகளுக்கு வைத்தார்கள். காரைதீவு அம்ஸ்டர்டாம், வேலணை லைடன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன், நெடுந்தீவு டெல்ப்ட். வரைபடத்தில் ஆளை இறக்கிவிட்டுப் போனதோடு சரி. டெல்ப்டைத் தவிர மற்றெல்லாம் உதிர்ந்துவிட்டன.

நெடுந்தீவில் எல்லைக்குக் கதியால் இல்லை. சாந்து வைக்காமல் முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய கல்வேலிதான். வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை அது ஓடும். குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போய் இறங்கி நடந்தால், கார்க்கசோன் துண்டுகளின் மீது நடப்பது போல இருக்கும். சதுரம் சதுரமாய்ப் புல்லும் வடலியும் வெளிச்சமான சாம்பல் நிறச் சுவரும். கல்வேலியைச் சாண் கணக்கில் அரக்குவது இலகுவில்லை. ஒரு கல்லை எடுத்தால் அடுத்த கல் சத்தம் போடும்.

ஆனால் இந்தத் தீவுக்காக அண்மையில் நடந்த ஆட்டத்தில் வேலியே தேவைப்படவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்கட்டத்தோடு இணையாதவை. டீசல் இயந்திரத்தில்தான் அங்கே விளக்கு எரிந்தது. 2021 ஜனவரியில் மூன்றுக்கும் காற்றும் சூரியனும் சேர்ந்த மின் திட்டத்தை ஒரு சீன நிறுவனக் கூட்டுக்குக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டே சீன நிறுவனமா என்று இந்தியா எதிர்த்தது. 2021 டிசம்பரில் மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டித் திட்டத்தை நிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா அதே மூன்று தீவுகளுக்கு ஒப்பந்தம் செய்தது. 2024 மார்ச்சில் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையில் ஒரு பெங்களூர் நிறுவனத்துக்கு வேலை கொடுக்கப்பட்டது. சூரிய மின்சாரம் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட் என்பது திட்டம்.

இதை விறாந்தையில் சொன்னபோது பேத்தி உடனே பிடித்துக்கொண்டாள். இருக்கும் கோட்டைக்குள் நேரே இறங்க முடியாது, ஆனால் அடுத்தவன் முடிப்பதைத் தடுக்கும் துண்டைப் பக்கத்தில் வைத்துவிடலாம். கார்க்கசோனில் கெட்டிக்காரர்கள் செய்வது அதுதான். ஒரு வித்தியாசம். பாயில் தடுத்தால் தடுக்கப்பட்டவருக்குத்தான் புள்ளி குறையும். அனலைதீவில் அந்த இடைவெளி முழுவதும் டீசல் வாசத்தில் கழிந்தது.

வீட்டுச் சட்டம்

ஒரு விளையாட்டாகக் கார்க்கசோன் எப்படி? நல்ல விளையாட்டு. விதியைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தோற்றவர் தோற்றதைக் கடைசிவரை அறியாமல் சந்தோசமாக இருப்பார். நான்கு பேருக்கு மேல் போனால் முறை வரக் காத்திருக்கும் நேரம் நீண்டு சலிக்கிறது. இரண்டு பேர் ஆடினால் அது வேறு ஆட்டம். கத்தியை மறைத்து வைத்துக்கொண்டு இரண்டு பங்காளிகள் தேநீர் குடிப்பது மாதிரி.

எனக்கு அதில் இடறுவது ஒன்று. அங்கே எல்லோரும் ஒரே நாளில், ஒரே ஏழு ஆளோடு, வெறும் நிலத்தில் தொடங்குகிறார்கள். ஒருவரும் வெளியேற்றப்படுவதில்லை. வைத்த துண்டு வைத்தபடி. மத்தியகால பிரான்சில் அப்படி எதுவும் நடந்ததில்லை. கார்க்கசோன் நகரமே 1209இல் சிலுவைப் போர்ப் படையிடம் விழுந்து, சனம் உடுத்த துணியோடு வெளியேறிய ஊர். பெட்டியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. விளையாட்டுப் பெட்டியில் எழுத வேண்டிய விசயமா அது என்று பேரன் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் வேலணை விறாந்தை விதியை அப்படியே விட்டுவைக்கவில்லை. பழைய கலண்டர் மட்டையை வெட்டி, ஊர்காவற்றுறை இளைஞர் பன்னிரண்டு கடல் துண்டு செய்தார். ஒரு பக்கம் கரை, மற்றது நீலம். கடலில் இறங்கும் ஆள் தங்க முடியாது, அடுத்த முறை வரும்போது கைக்குத் திரும்பிவிட வேண்டும், திரும்பும்போது ஒரு புள்ளி. அதனால் ஆட்டம் வேகமானது. கோட்டைக்குள் அடைபட்டவர்களுக்கு ஒரு வழி பிறந்தது.

அம்மம்மா கொண்டுவந்த விதிதான் பெரிய தகராறானது. அடுத்தவர் வயலோடு இணைகிற துண்டு கையில் வந்தால், வைப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். அவருக்கு வேண்டுமென்றால் துண்டை அவரிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவருடைய புள்ளியில் இரண்டை வாங்கிக்கொள்ளலாம். தேசவழமையேதான். நில அளவையாளர் கடுமையாக எதிர்த்தார். மல்லாந்து படுத்து ஊரை வளைக்கும் தன் தொழிலுக்கு அது உலை என்று அவருக்குத் தெரியும். பேத்தி ஆதரித்தாள். பேரன் இரண்டு புள்ளி போதாது, மூன்று வேண்டும் என்றான். விலை பேசுவதிலேயே அரைவாசி ஆட்டம் போனது. முக்கால் மணி நேர விளையாட்டு, விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் முடியவில்லை. கேட்காமல் துண்டை வைத்ததாக அம்மப்பா மீது இரண்டு குற்றச்சாட்டு. ஒன்றை அவர் ஒப்புக்கொண்டார். மற்றதற்குச் சாட்சி இல்லை என்றார். விதியை எடுத்துவிடுவோமா என்று கேட்டபோது ஒருவரும் சம்மதிக்கவில்லை, அவர் உட்பட. இரண்டா மூன்றா என்பது இன்னும் தீரவில்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.